அறுபதும் ஐம்பதும்

ஐந்து ஐம்பதுக்கு
சுமத்ராவிலிருந்து கிளம்பிய மழை
என் திரைக்கு வந்து சேர்ந்தது,
நனையாமல், சத்தமில்லாமல்.
ஓரத்தில் மஞ்சள், உள்ளே சிவப்பு,
நடுவில் மட்டும்
அடிபட்டுக் கன்றிப்போன ஊதா.

வானிலை மேசையிலிருந்து போன்.
மணிக்கு ஐம்பது கிலோமீட்டர், கிழக்கே.
துவாஸுக்கு எட்டு நிமிடம்,
பூன் லேக்குப் பதினெட்டு,
கிளமெண்டிக்கு இருபத்தாறு.
பேருந்து வரும் நேரத்தைச் சொல்வதுபோல
கொட்டாவியோடு சொன்னார் அந்த மனிதர்.

மின்பலகையில் மூன்று வரி.
வரிக்குப் பதினைந்து எழுத்து.
கனமழை, வேகம் குறைக்க
என்பதை ஆங்கிலத்தில் தட்டி வைக்கிறேன்.
நீட்டி முழக்குகிறவள் என்று வீட்டில் எனக்குப் பெயர்.
இங்கே ஒரு வினையெச்சத்துக்குக்கூட இடமில்லை.

போடட்டுமா என்கிறான் ஹம்டான்.
அவன் கோப்பி
பையோடு கட்டியபடி நாற்காலிக் கையில் தொங்குகிறது.

அப்போதுதான் நாற்பத்தொன்றாம் கேமராவில்
அந்த லாரி.
நீலத் தார்ப்பாய், அதுவும் பாதிக்குத்தான்.
பின்புறத்தில் பதினெட்டுத் தலைகள்.
எண்ணுவது என் வேலையில்லை, எண்ணினேன்.
முதுகு சாலைக்கு, முகம் மேற்குக்கு.

பலகை அவர்களின் தலைக்குமேல் கடந்துபோகும்.
திரும்பிப் போகும்போது தெரிவது
அதன் முதுகு:
கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் ஒயர், ஒரு பறவைக்கூடு.
மழையைத்தான் அவர்கள் நேருக்கு நேர் பார்க்கிறார்கள்.
ஒருவன் கையை நீட்டிக் காட்டுகிறான்.
மின்னல்
அவன் முகத்தில் முதலில் விழுந்து
என் திரைக்கு அரை நொடி பிந்தி வருகிறது.

கணக்கு எளிது.
லாரிக்கு அறுபது, மழைக்கு ஐம்பது.
ஓடவிட்டால் அது அவர்களைப் பிடிக்காது.
கிழக்கே எங்கோ இறங்கி, பூட்ஸ் மாட்டி,
ஒரு கூரை தேடிக்கொள்ள நேரமிருக்கும்.
நான் பலகையைப் போட்டால்
முன்னால் ஒரு கார் பிரேக்கைத் தொடும்,
அதன் பின்னால் இன்னொன்று,
ஐம்பது நாற்பதாகும், நாற்பது முப்பது.
மழை நிதானமாக வந்து
பின்னால் ஏறிக்கொள்ளும், பத்தொன்பதாவது ஆளாக.

போன மாதம் மூன்று நிமிடம் தாமதித்தேன்.
ரேடாரில் மழை, மழைமானியில் பூஜ்ஜியம்.
எதை நம்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே
ஜொகூர் நம்பர் போட்ட ஒரு மோட்டார்சைக்கிள்
வெள்ளைக் கோட்டின்மேல் வழுக்கி
தீப்பொறியாய்ப் போனது.
எழுந்துவிட்டான்.
தலைக்கவசத்தைக் கழற்றி,
கேமரா எங்கே இருக்கிறதென்று தெரிந்தவன்போல
மேலே பார்த்தான்.
கோபமில்லை. வெறுமனே பார்த்தான்.

ஹம்டான் இன்னும் விரலை எடுக்கவில்லை.
போடு, என்றேன்.

ஆயர் ராஜா விரைவுச்சாலை நெடுக
ஆறு பலகைகள் ஒரே மூச்சில் எரிந்தன.
மோட்டார்சைக்கிள்கள் மேம்பாலத்தடியில் ஒதுங்கின,
ஒற்றைக்காலில் நின்று
மழைக்கோட்டுக்குள் நுழையும் அந்தத் தடுமாற்றம்
மேலிருந்து பார்த்தால் நடனம்போல.
பிரேக் விளக்குகள் சிவந்து சிவந்து
கிளமெண்டி வரை.

நாற்பத்து நான்காம் கேமராவில்
மழை லாரியைப் பிடித்தது.
தார்ப்பாயை இழுத்துப் பார்த்தார்கள்.
எட்டாத பாதியைக் கைகளால் பிடித்தார்கள்,
பிறகு விட்டுவிட்டார்கள்.
ஒருவன் சிரித்தான் என்று நினைக்கிறேன்.
லென்ஸில் நீர். உறுதியாகச் சொல்ல முடியாது.

பதிவேட்டில் எழுதினேன்:
ஆறு பலகைகள். மழை குறித்த நேரத்துக்கு வந்தது. விபத்து இல்லை.
குறிப்பு என்ற கட்டத்தில்
பதினெட்டு என்று தட்டி,
எதற்கென்று யாராவது கேட்பார்கள் என்பதால்
அழித்தேன்.

ஏழரைக்கு வெளியே வந்தபோது
மழை சாங்கியைத் தாண்டிக் கடலுக்குப் போயிருந்தது.
படிக்கட்டு மட்டும் ஈரம்.
ஹம்டான் ஆறிய கோப்பியை உறிஞ்சிக்கொண்டே
உன் குடையைப் பார், என்றான்,
மடிப்புக்கூடக் கலையவில்லை.